காதை எட்டாத கை

ஜூலை 26, சனி

ஒரு கேப்டன் ஓய்வு பெற்றால் வரிசையில் கீழே எத்தனை பேர் நகர்வார்கள்? தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். தெரியவில்லை.

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட மிளகாயில் பாதி மண். மோட்டாருக்கு ஆள் சொல்ல வேண்டும். போன வாரமும் இதையே எழுதியிருக்கிறேன்.

சாப்பிடும்போது மகள் யாழினி மறுபடி விளக்கினாள். மேலே ஒரு கேப்டன் போனால் மூத்த துணை விமானி ஒருவர் கேப்டன் ஆவார். அவர் இடத்துக்கு அடுத்தவர். கடைசியில் ஒரு புது ஆள் உள்ளே. எல்லாம் சேர்ந்த தேதிப்படி. கம்பெனி ஆள் குறைக்க நினைத்தால் நடுவிலேயே நின்றுவிடும். "அதனால கணக்குப் போடாதம்மா." போடாமல் எப்படி.

அவள் நிலை: பைலட் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம். விமானக் கம்பெனித் தேர்வில் பாஸ். காத்திருப்போர் பட்டியலில் இதுவரை பதினெட்டு பேரைக் கூப்பிட்டார்கள். இவள் பத்தொன்பது. பட்டியல் 31 மாலையோடு காலாவதி. பிறகு எல்லாம் முதலிலிருந்து.

கடைத்தெருவில் பூக்காரம்மா: "பைலட்டுப் பொண்ணு இன்னும் வீட்டுலதான் இருக்காங்களா டீச்சர்?" நல்ல மனதோடுதான் கேட்டாள். கதம்பம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாளை செல்வராசு அண்ணன் சாப்பிட வருகிறார். கட்டுமாவடி மீன் சொல்லியாயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். மீன் நல்ல மீன். குழம்பில் புளி கொஞ்சம் கூடிவிட்டது, யாரும் சொல்லவில்லை.

அண்ணன் என் பெரியப்பா மகன். கறம்பக்குடியிலிருந்து போய் விமானம் ஓட்டும் ஒரே ஆள். யாழினி தேர்வு எழுதிய அதே கம்பெனியில் கேப்டன். லீவில் வந்திருக்கிறார். அவளுக்குத் தன் பழைய ஹெட்செட்டைக் கொண்டுவந்தார், துணிப்பையில் சுற்றி. அவள் அதை மாட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

"எப்ப மாமா ரிடயர்டு?"

"என்னத்தா, தொரத்துறியா? அறுபத்தஞ்சு வரைக்கும் ஓட்டலாம். லைசென்ஸ்ல இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு."

"ஒரு ஆள் எறங்குனாப் போதும். அடுத்தது நாந்தான்."

"டவுன் பஸ்ஸு மாதிரிதான். சீட்டு வேணும்னா எறங்குற ஆளு பக்கத்துல போயி நிக்கணும். எம் பக்கத்துல நிக்காத, நான் கடைசி ஸ்டாப்பு."

சிரித்தோம். பிறகு அவரே சொன்னது:

"எனக்கு ரெண்டரை வருசம் கூடக் குடுத்ததே ஒங்க தாத்தாதான். பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப எனக்கு ஏழரை. பொறந்த சர்ட்டிபிகேட் ஏது அப்ப? தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொடுடான்னாரு. எனக்குக் கட்டைக் கை. எட்டும் எட்டாததுமா நின்னேன். அஞ்சுன்னு எழுதிட்டாரு. ஜூன் ஒண்ணு. எங்க வகுப்புல பாதிப்பேரு அன்னைக்குத்தான் பொறந்தோம்."

மீன் கையோடு இப்போதும் தொட்டுக் காட்டினார். விரல் நுனிதான் காதில் பட்டது. யாழினிக்குப் புரையேறிவிட்டது.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழித்துப் பார்த்தேன். நிஜப் பிறந்த நாள்படி போன கார்த்திகையோடு அறுபத்தைந்து முடிந்துவிட்டது. எட்டு மாதமாக ஓட்டக்கூடாத ஆள்.

ஜூலை 28, திங்கள்

கல்லூரி. இரண்டு வகுப்பு, ஒரு மீட்டிங். மீட்டிங்கில் எதுவும் காதில் விழவில்லை.

வந்ததும் பீரோவைக் கிளறினேன். மோட்டார் வாரண்டி அட்டை தேடுவதாக யாழினியிடம் சொன்னேன். அது டி.வி. மேசை இழுப்பறையில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

தேடியது கிடைத்தது. அண்ணனின் மணிவிழாப் பத்திரிகை. மூலையில் மஞ்சள். பெயர், நட்சத்திரம், கார்த்திகைத் தேதி, "அறுபது ஆண்டு நிறைவு", வருடம். அன்று லைசென்ஸ்படி அவருக்கு ஐம்பத்தேழு. ஐந்நூறு பேர் வந்து சாப்பிட்டோம், ஒருவருக்கும் உறுத்தவில்லை. சாமிக்கு ஒரு வயது, சர்க்காருக்கு ஒரு வயது. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். சொன்னால்:
1. ஒரு இடம் விழும்.
2. விதி விதிதான்.
3. பயணிகள் பாதுகாப்பு.
பிறகு 1ஐ அடித்து, 3க்குக் கீழே கொண்டுபோய் எழுதினேன். யாருக்காக அந்தத் திருத்தம்? அறையில் நான் மட்டும்தான்.

ஜூலை 29, செவ்வாய்

புழுக்கம். மதியம் துறையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு எழுதி, பிரிண்ட் எடுத்தேன். மொட்டைக் கடுதாசி. ஆங்கிலத்தில், நல்ல ஆங்கிலத்தில். முடிவில் "அக்கறையுள்ள ஒரு பயணி". நான் விமானத்தில் ஏறியதே இரண்டு தடவை.

எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. உண்மை இல்லாத வரி: "தலைமையாசிரியரின் துணையோடு வயது வேண்டுமென்றே குறைக்கப்பட்டது." அது இல்லாவிட்டால் கடிதத்துக்கு வலு இல்லை என்று பட்டது. அந்தத் தலைமையாசிரியர் என் அப்பா. செத்துப் பதினோரு வருடம்.

காப்பி அடித்த பெண்ணுக்குப் போன பருவம் நான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "கையெழுத்து இல்லாத தாளுக்கு மதிப்பு இல்லை" என்றும் சொன்னேன்.

பத்திரிகையின் நகலையும் உள்ளே வைத்து ஒட்டி, டெல்லியில் லைசென்ஸ் தரும் ஆபீஸ் விலாசம் டைப் அடித்து, ஐந்தரைக்குப் பெட்டியில் போட்டேன். சாயங்காலத் தபால் பை அதற்குள் போயிருந்தது.

ஆறு மணிக்கு யாழினியோடு பலாச்சுளை உரித்தோம். கையில் எண்ணெய். எதையோ பேசிக்கொண்டிருந்தவள், சாதாரணமாக:

"மாமாவோட நெஜ வயசு தெரிஞ்சா நாளைக்கே எறக்கிருவாங்கம்மா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மணிவிழாப் பந்தியில எலை போட்டதே நாந்தானே. தெரியாமயா?"

"அப்ப ஒண்ணும் தோணலையா ஒனக்கு?"

"தோணுச்சு. அவருக்கிட்டயே கேட்டேன், போன கார்த்திகை முடிஞ்சதும். 'மாமா, இது தப்பு இல்லையா'ன்னு. மொகமே செத்துப்போச்சு. 'யோசிக்கிறேன்த்தா'ன்னாரு. அவருக்கும் பிளேன் ஓட்டுறத விட்டா வேற ஒண்ணும் தெரியாதுல்ல. நேர்ல சொல்லியாச்சு. இனிமே அவரு பாடு."

கொட்டையைத் தனியாக, சுளையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு விரலெல்லாம் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. எழுந்து போய்க் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

இருபத்து நான்கு வயதுக்காரி முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். சீட்டு வேண்டியவளும் அவள்தான்.

ஜூலை 30, புதன்

லீவு சொன்னேன். காரணம்: தலைவலி. (பொய் இந்த வாரம் எத்தனை.)

தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். கவுண்டரில் அமுதா, என்னிடம் படித்தவள்.

"வாங்க மேடம். என்ன இங்கிட்டு?"

நேற்றுப் போட்ட ஒரு கவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றேன். அதற்கு விண்ணப்பம் இருக்கிறதாம். அனுப்புநர் பெயர், விலாசம், கையெழுத்து, ஆதார் நகல். பெட்டியைத் திறந்து கவரைத் தேடி எடுத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அனுப்புநரே இல்லையே மேடம்."

"நான்தான்."

பின்னால் பென்ஷன் வாங்க வந்த இரண்டு பேர். ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பெயர் இல்லாமல் போட்டதைப் பெயர் எழுதித்தான் திரும்ப வாங்க முடியும். தமிழ்ச்செல்வி என்று முழுசாக எழுதினேன். இனிஷியல் அப்பாவுடையது. அதையும்.

காரணம் என்று ஒரு கட்டம். "அனுப்புநர் விவரம் விடுபட்டது" என்று எழுதினேன்.

அமுதா படித்துவிட்டு, "அப்பப் பேரை எழுதி இப்பவே அனுப்பிரலாமே மேடம்? எதுக்குத் திரும்ப வாங்கணும்?"

"இல்லம்மா. வேண்டாம்."

என்னைப் பார்த்தாள். பிறகு கவரை. டெல்லி விலாசத்தை மனதுக்குள் படிப்பது தெரிந்தது. "சரிங்க மேடம். போஸ்ட்மாஸ்டர் சார் நாளைக்குத்தான் வருவாரு. அவரு கையெழுத்துப் போட்டாத் தாரேன். பையில போக விடமாட்டேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அது உதவியா, மரியாதையா, பரிதாபமா தெரியவில்லை.

நாளை அண்ணன் திருச்சி ஏர்போர்ட் போகிற வழியில் வருகிறார். முடிவு: கவரை வாங்குவது. அவர் கையில் கொடுப்பது. எழுதியது நான் என்று சொல்வது. அவர் வயதைப் பற்றி என்ன நினைக்கிறேனோ அதையும் முகத்துக்கு நேரே.

ஜூலை 31, வியாழன்

நடந்தது இது.

பதினொன்றரைக்குக் கவர் கிடைத்தது. ரப்பர் ஸ்டாம்ப், அதன் மேல் என் பெயர், அமுதா கையெழுத்தில். கைப்பையில் வைத்தேன்.

மூன்றரைக்கு அண்ணன். வடகாட்டுப் பலாப்பழம் ஒன்று, டிக்கியிலிருந்து அவரே தூக்கி வந்தார். காப்பி. "என்ன தமிழு, ஒரு மாதிரி இருக்க?" வெயில் என்றேன். கைப்பை என் மடியில். ஜிப் பாதி திறந்திருந்தது. திறந்தது நான்தான், சொல்வதற்காக.

நாலேகாலுக்கு யாழினிக்கு மெயில். நின்றுகொண்டே படித்தாள். பட்டியல் முடிந்தது, காலியிடம் இல்லை, விருப்பமிருந்தால் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். போனை மேசையில் வைத்தாள். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்த் தேய்க்க ஆரம்பித்தாள்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கை மேலே போய்க் காதருகே நின்றது. நானும் வாயெடுத்தேன். உள்ளே தண்ணீர் சத்தம். அவர் என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை.

"புதுப் பட்டியல் அடுத்த மாசமே எடுப்பாங்க. இந்தத் தடவ மொத ஆளா வருவா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ம்" என்றேன்.

"வாரேன் ஆத்தா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பாத்துப் போங்க மாமா" என்று அவள் ஈரக் கையோடு வந்து வழியனுப்பினாள். கார் போனது.

சொல்லவில்லை.

கவரைக் கிழிக்கவும் இல்லை. பீரோவில், மணிவிழாப் பத்திரிகைக்கு அடியில் இருக்கிறது.