சின்ன டிஸ்க் யாரிடம் இருக்கிறது

மார்ச் 4

புது கம்ப்யூட்டர் வந்து, என் படங்களை எல்லாம் அதில் ஏற்றிப் பழையதை எடைக்குப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தால் மாமியாரின் மேஜையிலும் அவர் வைத்ததுதான் சட்டமா? படித்துப் படித்துச் சொன்னேன்: வேகமான சின்ன எஸ்எஸ்டி டிஸ்கில் விண்டோஸ், பெரிய ஹார்ட் டிஸ்கில் என் படங்கள், இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும் என்று. அவரோ ஏதோ சாஃப்ட்வேர் போட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

"ஒரே டிரைவா தெரியும் அத்தை. அடிக்கடி திறக்கிறதை அதுவே சின்னதுல வெச்சுக்கும், மத்தது பெருசுல கிடக்கும். ஆனா ஒண்ணு மட்டும் ஞாபகம்..."

"தெரியும் மாப்பிள்ளை" என்றேன். ரிட்டையர் ஆன பிறகு யாரையும் கெஞ்சாமல் நானே கற்றுக்கொண்டவள் நான். எனக்கா பாடம்?

மார்ச் 7

போன வாரம் திறந்த படம் டக்கென்று வருகிறது. எட்டு வருடத்துக்கு முந்தைய படம் முக்கி முனகுகிறது. எனக்கு வேண்டியது அந்தப் பழசுதானே!

வீடு வாங்கிய ஆறாம் மாதமே படுக்கையறைச் சுவரில் விரிசல். மாதம் தவறாமல் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். கட்டிக் கொடுத்தவன் இப்போது சொல்கிறான், போன வருடம் நான் அலமாரிக்காகச் சுவரைக் குடைந்ததால் வந்த விரிசலாம். வாய் கூசவில்லை அவனுக்கு. 22ஆம் தேதி கோர்ட்டில் விசாரணை. முதல் வருடப் படங்களைக் காட்டினால் அவன் வாய் அடைத்துப்போகும்.

மார்ச் 9

வேறு கடையில் புது எஸ்எஸ்டி வாங்கினேன். கம்ப்யூட்டர் பெட்டியை நானே திறந்து, அவர் வைத்த சின்னதைக் கழற்றி அந்த இடத்தில் புதியதை மாட்டினேன். என் படங்கள் பெரியதில்தானே இருக்கின்றன? மகளிடம் கழற்றியதைக் கொடுத்து, "உங்க பொருளை நீங்களே வெச்சுக்குங்கன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்று அனுப்பினேன். மனசு குளிர்ந்தது.

மார்ச் 10

புதியதில் விண்டோஸ் போட்டாயிற்று. பெரிய டிஸ்க் காலி. காலி என்றால் ஒரு படம்கூட இல்லை. "இது புது டிஸ்க் போலிருக்கிறது, தயார் செய்யட்டுமா" என்று திரையில் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்தினேன். மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் வேண்டாம். முதல் கேள்விக்கே சரி சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, பெருசுல எதையும் அழிக்கலையே? அந்தச் சின்னது..."

"நான் என்ன கைக்குழந்தையா?" வைத்துவிட்டேன்.

மார்ச் 11

கேட்க மாட்டேன்.

மார்ச் 12

காலையிலிருந்து படித்தேன். புரிந்துவிட்டது. அப்படிச் சேர்த்துக் கட்டினால் எது எங்கே கிடக்கிறது என்ற கணக்கு இரண்டுக்கும் பொது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது ஊமை. அன்று அவர் சொல்ல வந்த "ஒண்ணு மட்டும்" இதுதான் போலிருக்கிறது. காது கொடுத்துக் கேட்டிருந்தால்... கேட்காதது யார்? சரி, நான்தான். ஆனால் வேண்டாம் என்றதைச் செய்தது யார்? அதையும் எழுதித்தான் வைப்பேன்.

திரும்பி வந்த டிஸ்கை அழித்து அடுத்த பெட்டியில் மாட்டுவதுதான் கடை வழக்கம். மூன்று நாள் ஆகிவிட்டது. ஐயோ.

மார்ச் 14

டிஸ்கை அழித்தாயிற்றா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல் என்றேன் மகளிடம். "நீயே பேசும்மா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்கிறாள். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 15

போனேன். கடையில் கூட்டம். எல்லோரும் போகட்டும் என்று நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து வைத்தார். ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில்: "அத்தையோடது. யாரும் தொடக்கூடாது."

"கேக்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"கேக்க வரல. எடுத்துட்டுப் போக வந்தேன்."

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்படி வெச்சிருக்கேன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்ல விட்டாத்தானே? போனைப் பாதியில வெச்சிட்டீங்க."

"சேர்த்துக் கட்டாதேன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீ கேட்டியா?"

வாய் தவறி 'நீ' வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவர் முகம் மாறவில்லை.

"அது என் தப்புதான் அத்தை."

கவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16

வந்தார். சின்னதை மாட்டினார். எல்லாப் படமும் வந்தது, முதல் மாதத்துப் படம் உட்பட. பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கட்டைப் பிரித்து, நான் சொன்னபடியே தனித்தனியாக வைத்தார். மூடும்முன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாமல் இருந்தேன். முழுக்கச் சொல்லி முடித்தார்.

மார்ச் 22

எட்டு வருடத்துக்கு முந்தைய படம் திரையில் வந்ததும் கட்டினவனின் வக்கீல் தண்ணீர் குடித்தார். பிறகு கேட்டார்: "இங்க கொண்டு வர்ற வரைக்கும் இதெல்லாம் யார் பொறுப்புல இருந்துச்சு?"

மாப்பிள்ளை பின்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரிய டிஸ்க் என்கிட்ட" என்றேன். "சின்னது எங்க மாப்பிள்ளைகிட்ட. அவரும் பத்திரமாத்தான் வெச்சிருந்தார்."

அவர் காதில் விழும்படிதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.