பாலோ இல்லத்தில் சவாசனம்

சனிக்கிழமை இரவு.

யோகா சுற்றுலாவுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்தவர்களை இன்று பாலோ ஊரிலுள்ள முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். கடைசி நாளில் ஏதாவது சேவை செய்வது எங்கள் வழக்கம். பெரியவர்களுக்கு நாற்காலிப் பயிற்சியே போதும். சவாசனமும் செய்யலாம் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது!

எல்லாரையும் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்கவைத்தோம். குளிருமே என்று சுற்றுலாக்காரர்கள் வெள்ளைப் போர்வைகளைக் கழுத்துவரை போர்த்திவிட்டார்கள். வகுப்பில் ஏற்றுவதுபோல நான் விளக்கு ஏற்றினேன். அது அவர்கள் தலைமாட்டில் எரிவது எனக்கு உறைக்கவே இல்லை.

முனியாண்டி அங்கிள்தான் முதலில் கண்ணைத் திறந்தார். "அலமாக்! நான் இன்னும் சாகல லா," என்று எழுந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. சாவு வீட்டில் கிடத்துவதுபோல அல்லவா கிடத்தியிருக்கிறேன். ஓடிப்போய் விளக்கைக் குளிரவைத்தேன்.

லெட்சுமி ஆன்ட்டி மட்டும் அசையவில்லை. பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"என் மகன் வந்துட்டானாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. எழுந்திருங்க."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கேன்."