சுகமாயிட்டேன் என்று சொன்ன அம்மாவுக்கு

என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதே ஜெபத்தையும் முடித்துவிடும் அம்மாவுக்கு,

நான் இப்போது சிதம்பரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறேன். போன மாதம் விலங்கியலில் இன்சுலின் பாடம் வந்தது. ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் புத்தகத்தில் இரண்டே வரிதான் அம்மா. நீ மூச்சு வாங்கிக் கிடந்த அந்த வாரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. டீச்சர் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

கடலூரில் நம் சபையின் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் நினைவிருக்கிறதா? நோய் போவதற்கு முன்பே போய்விட்டது என்று அங்கே எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசம் என்பார்கள். கூட்டத்தை நடத்தும் ஸ்டெல்லா ஆன்ட்டி உன் தலையில் கை வைத்து, "சுகமாயிட்டேன்னு சொல்லு சிஸ்டர். இனிமே ஊசியத் தொட்டா கர்த்தர நம்பலைன்னு அர்த்தம்" என்றார்கள். நீ எழுந்து நின்று சொன்னாய். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கே ஊசியை நிறுத்தினாய்.

உன்னை அடக்கம் செய்தபோது, மண் தள்ளி முடிவதற்குள், அதே ஆன்ட்டி பெரியம்மாவிடம், "மனசுல சந்தேகம் இருந்திருக்கு. இல்லன்னா ஏன் சாவப்போறா?" என்றார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் உன் தலைமேல் இருந்த அந்தக் கைதான் தெரியும்.

போன வாரம் ஆன்ட்டியை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்களுக்கும் சக்கரை. காலில் புண் வைத்து, ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். பெரியம்மா தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார்கள்.

"நான் போவ மாட்டேன்."

"தூக்குவாளிய வச்சுட்டு வாடி. பேசச் சொல்லி யார் சொன்னா?"

பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் போனேன். என்னைப் பார்த்ததுமே ஆன்ட்டி, "பாப்பா, டாக்டரையும் கர்த்தர்தானே குடுத்திருக்காரு" என்றார்கள். நான் எதுவும் கேட்கவே இல்லையே, அம்மா. பிறகு, "வலி தாங்கல. எனக்காக ஜெபம் பண்ணு" என்றார்கள்.

அவர்கள் தலையில் கை வைத்தேன். "சுகமாயிட்டேன்னு சொல்லுங்க ஆன்ட்டி."

"பாப்பா..."

"எழுந்து நின்னு சொல்லுங்க. எங்கம்மா நின்னுச்சு இல்ல?"

அவர்கள் உதடு துடித்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரம்மா, "யார் பெத்த பொண்ணு இது, இம்மாம் அழுத்தம்!" என்று திட்டினாள்.

அப்போது நர்ஸ் ஊசியோடு வந்தார். ஆன்ட்டி கையை நீட்டவில்லை. என்னிடம் அனுமதி கேட்பதுபோல் என் முகத்தையே பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே காக்க வைத்தேன். கடைசி வாரத்தில் நீ ஊசி டப்பாவைப் பார்த்த பார்வையும் இதேதான் என்று திடீரென்று தெரிந்தது. "போட்டுக்குங்க" என்று நானே அவர்கள் நைட்டிக் கையை மேலே ஏற்றிவிட்டேன்.

வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வாய் திறந்தது. கண்ணை மூடவில்லை. "ஆண்டவரே, எனக்கு அவுங்களப் புடிக்கல. இன்னும் வலிக்கட்டும்னு இருக்கு. உங்க மேலயும் கோவம்தான்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் அம்மா. காது கொடுத்துக் கேட்கிற ஆளிடம் பேசினால் அது நமக்கே தெரியாதா? அன்றைக்கு நீயும், "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாரா? அப்படிச் சொல்ல உனக்கு யாருமே இடம் கொடுக்கவில்லையே.

ஆன்ட்டியை மன்னித்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். பெரியம்மா சொல்கிறார்கள். நான் எழுந்து நிற்க மாட்டேன். நாளைக்கும் கஞ்சி கொண்டுபோவேன், ஊசி போட்டாயிற்றா என்று கேட்பேன். ஆனால் சுகமாகாமல் சுகமாயிட்டேன் என்று ஆண்டவர் முன்னால் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்னும் ஆறாத,
உன் பொண்ணு பிரிசி