எல்லாருக்கும் மூடிய பாத்திரம்

09.09.2009
புதன்கிழமை

என் அன்பு மகள் எஸ்தருக்கு, அப்பா சொந்தக் கையால் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பூனாவில் நீயும் மருமகனும் பேத்தியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் பதில் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தக் கடிதம் நான் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது அல்ல. திங்கட்கிழமை ஆரம்பித்தேன், இன்று புதன், ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் விரல் ஒத்துழைக்கவில்லை. அறுபத்தெட்டு வயது வரைக்கும் மை தடவி நீட்டிய பெருவிரல் இது. எஸ்தர் என்று எழுதிவிட்டு அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, என்ன அப்படிச் சிரிப்பு, மகளே வந்து உக்காந்துட்டாளா என்று கேலி செய்தாள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வளர்கல்வி மையத்து ஹேமாவதி டீச்சரிடம் திருத்தக்கூடக் கொடுக்கவில்லை, பிழை இருந்தால் அதுவும் என்னுடையது. சந்தோஷம் இவ்வளவோடு சரி. மற்றபடி எனக்கு இருக்கிற கோபத்துக்குப் பேனா முனை காகிதத்தைக் கிழிக்காமல் இருந்தால் பெரிசு.

முதல் கோபம் உன் மேல்தான் பட்டது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் நீ போன் செய்து, பன்றிக் காய்ச்சல் அடங்குற வரைக்கும் கோயில்ல எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வச்சுக் குடிக்காதீகப்பா, தனி டம்ளர் கொண்டு போங்க என்றாய். டம்ளர் என்ற சொல் காதில் விழுந்ததும், நீயும் அவுக கட்சியாத்தா என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நீ அழுததாக மருமகன் பிறகு அம்மாவிடம் சொன்னாராம். அந்தக் காய்ச்சல் வார்டில் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நர்ஸ் வேலையில் நிற்கிற பிள்ளையை அழ வைத்தது என் தப்பு. ஆனால் அன்று காலையில் நம் கோயிலில் நடந்தது உனக்குத் தெரியாது. போனில் சொன்னால் மறுபடியும் கத்துவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நம் போதகர் நாலு ஊருக்கு ஒருவர், மாதத்தில் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு மட்டும் நம் ஊருக்கு வருவார், மற்ற ஞாயிறுகளில் சபைச் செயலாளர் வேதமாணிக்கம் வைத்ததுதான் சட்டம் என்பது நீ அறிந்ததே. அன்று ஆராதனை முடிந்ததும் அவர் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறிவித்தார். மேலிடத்து உத்தரவு வந்திருக்கு, கீழத்தெரு ஆளுக தினமும் ஜீப்புல அடைஞ்சு குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் வாராக, எந்தக் காய்ச்சல எங்கன இருந்து கொண்டு வருவாகளோ தெரியாது, அதனால அடுத்த திருவிருந்துக்கு அவுக அவுக வீட்டு டம்ளரக் கொண்டு வந்து வெளிய பெஞ்சுல வரிசையா வச்சுரணும், அங்கனயே ஊத்துவோம் என்றார். மேலத்தெருவுக்கு எப்போதும் போல உள்ளே வெள்ளிப் பாத்திரம். அவருடைய மகன் பெங்களூரில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது, பாட்டுக் குழுவில் நின்று இருமிக்கொண்டு இருந்தான். அவனுக்கு டம்ளர் கிடையாது. ஏலக்காய் பறித்தவன் மூச்சில் மட்டும்தான் நோய் இருக்கும் போலிருக்கிறது.

வெளியே பெஞ்சு, அதில் வரிசையாக டம்ளர். முக்கு டீக்கடையில் நமக்கென்று தனியாகக் கம்பியில் தொங்கிய கிளாஸை நீயே பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்திருக்கிறாய். உன் தாத்தா ராக்கையா ஞானஸ்நானம் எடுத்தது பெரிய வேத விளக்கம் கேட்டு அல்ல. மேலத்தெருப் பெரியவர் வாய் வைத்த பாத்திரத்தில் அடுத்த வாய் தன்னுடையதாக இருக்கும் என்று பழைய போதகர் சொன்னார், அப்படியே கொடுக்கவும் செய்தார், அதற்காகத்தான். இந்த ஊரில் அது வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. காய்ச்சல் வந்து செத்தாலும் சாவேன், அந்தப் பெஞ்சில் டம்ளர் வைக்க மாட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். சாகுறதுன்னா தனியாச் சாவீகளா, எங்களுக்கும் ஒட்ட வச்சுட்டுத்தான சாவீக என்றாள்.

இப்போதெல்லாம் எழுத்து எங்கே இருந்தாலும் நான் விடுவதில்லை. உர மூட்டை, பஸ் போர்டு, மாத்திரை அட்டை, எல்லாம் வாசித்தாக வேண்டும். போன புதன்கிழமை கோயில் வழியாக வரும்போது வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பெட்டியில் அந்த மேலிடத்துக் காகிதத்தைப் பார்த்தேன். போதகர் ஒட்டச் சொல்லியிருப்பார், செயலாளரும் ஒட்டிவிட்டார், யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். நம் தெருவில் படித்த பிள்ளைகள் எல்லாம் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் இருக்கிறார்கள். நான் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். நோய் தணியும் வரை எந்தச் சபையிலும் எவரும் பொதுப் பாத்திரத்தில் பருகக் கூடாது, அப்பம் கையில் மட்டும் கொடுக்கப்படும், காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டில் இருந்து ஜெபிக்கவும், இது சபையார் அனைவருக்கும் பொருந்தும் என்று இருந்தது. மேலத்தெரு இல்லை, கீழத்தெரு இல்லை, ஜீப்பு இல்லை, பெஞ்சு இல்லை. எனக்கு என் மேலேயே சந்தேகம், புதிதாகப் படித்தவன் அல்லவா, மூன்று தடவை வாசித்தேன். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஹேமாவதி டீச்சரை நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். நீங்க வாசிச்சது ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லைங்கய்யா என்றது அந்தப் பிள்ளை. அடுத்த நாள் நோட்டோடு போய் நின்று நாலு வரியையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறன்று நான் வெறுங்கையோடு போனேன். பெஞ்சில் நம் ஆட்கள் பதினாலு டம்ளர் வைத்திருந்தார்கள், எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. நம் தெருப் பஞ்சம்மாள் ஒரு சொம்பையே கொண்டு வந்து வைத்துவிட்டு, இத்தன வருசமா நாக்கு நனையுற அளவுதான ஊத்துனாக, இன்னைக்காவது நெஞ்சு வரைக்கும் போகட்டும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் உன் மாமன் தானியேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு கண்ணெல்லாம் சிவந்து நடுங்கிக்கொண்டு வந்தான். தொட்டால் அடுப்பாகக் கொதிக்கிறது. வீட்டுக்குப் போ என்றேன். என் சாமியக் கும்பிட நான் வாரேன், எவன் தடுக்குறது என்றான். உன் பக்கத்துல பச்சப்பிள்ளைக உக்காருமே, அதுக்கு யார் பொறுப்பு என்றேன். நீயும் அவுக கட்சியா மச்சான் என்று கேட்டான். நான் உன்னிடம் கத்திய அதே வார்த்தை. ஆனாலும் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவன் பெண்டாட்டியோடு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். டாக்டர் சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை கொடுத்து ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னாராம். இன்று வரை அவன் என்னோடு பேசவில்லை, பேசாமல் போகட்டும்.

போதகர் அப்பத்தை எடுக்கப் போகும்போது செயலாளர் வெள்ளிப் பாத்திரத்தையும் கொண்டுவந்து வைத்தார்; நான் எழுந்து நின்று, ஐயா, மேலிடத்துக் காகிதத்த நான் வாசிக்கணும் என்றேன். வேதமாணிக்கம், என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஏலே மாசிலாமணி, எழுத்துக் கூட்டத் தெரிஞ்சுட்டா நீ பெரிய ஆளாலே, உக்காருலே என்றார். போதகர், ஐயா வாசிக்கட்டும் என்றார். நாலு வரிதான், எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. நடுவில் சிக்கும்போது மேலத்தெருப் பிள்ளைகள் சிரித்தன. எவரும் என்று வாசித்தபோது சிரிப்பு குறைந்தது, அனைவருக்கும் என்று வாசித்தபோது அடியோடு நின்றது. போதகர் செயலாளரைப் பார்த்து, இதைத்தான நான் குடுத்தேன், வெளிய என்ன பெஞ்சு என்று கேட்டார். அதற்கு அவர் சொன்னதைக் கேள் எஸ்தர், எல்லாரையும் டம்ளர் தூக்கிட்டு வரச் சொன்னா மேலத்தெருவுல கௌரவக் குறைச்சலா நினைப்பாகய்யா என்றார். அவர்களுக்குக் குறைச்சலாக இருப்பது நமக்கு மட்டும் குறைச்சல் இல்லையாம், சபை நடுவில் நின்று சொல்கிறார். போதகர் வெள்ளைத் துணியை எடுத்துப் பாத்திரத்தை மூடினார். அன்று யாருக்கும் திராட்சரசம் இல்லை. அப்பம் மட்டும் உள்ளங்கையில் விழுந்தது, என் கைக்குப் பக்கத்தில் வேதமாணிக்கம் கையும் நீண்டிருந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பிட முடியவில்லை. என் அப்பன் வாங்கிக் கொடுத்த பாத்திரத்தை நானே வாசித்து மூட வைத்தேன். உங்களுக்கு என்ன கிடைச்சது, யாருக்கும் இல்லாமப் போச்சு அவ்வளவுதான என்றாள் உன் அம்மா. எல்லாருக்கும் இல்லை என்றால் எனக்கும் இல்லாமல் இருக்க என்னால் முடியும் என்றேன். எனக்கு மட்டும் இல்லை என்பதைத்தான் தாங்க முடியாது. நீ வார்டில் பார்த்துச் சொன்னது சரி, அதை நம்புகிறேன், தனித்தனியாக இருக்க வேண்டிய காலத்தில் எல்லாரும் தனித்தனியாக இருப்போம்.

ஆனால் கோபம் ஆறவில்லை, ஏன் என்றால் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வேதமாணிக்கம் தன் ஆட்களிடம், இனிமே காய்ச்சல் போனாலும் டம்ளரே இருக்கட்டும், அதுதான் சுத்தம் என்று சொல்லிக்கொண்டு இருந்தார். இதற்குத்தான் பயப்படுகிறேன். நோய் வந்ததை மேலிடம் காகிதம் போட்டு அறிவித்துவிட்டது, நோய் போனதை யார் அறிவிப்பார்கள், ஒருவரும் அறிவிக்க மாட்டார்கள். அதனால் உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் வார்டு காலியாகி, இனி ஒரே பாத்திரத்தில் குடிக்கலாம் என்று உங்கள் டாக்டர்கள் சொல்லும் நாளில், பெரிய எழுத்தாக, தேதி போட்டு, நர்ஸ் என்று கையெழுத்துப் போட்டு எனக்கு எழுது. போனில் சொல்லாதே, போனைக் கோயிலில் வாசிக்க முடியாது.

வேளைக்குச் சாப்பிடு, வார்டில் இருந்து வந்ததும் குளிக்காமல் பேத்தியைத் தூக்காதே. நீ முகத்தில் கட்டுகிற துணியைவிட நெருக்கமாகக் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். அந்தக் காகிதத்தை மட்டும் மறந்துவிடாதே. எனக்காக முன்கூட்டி எழுதிவிடவும் வேண்டாம், உண்மையாகவே நோய் போன பிறகு எழுது. நான் அவசரப்படுத்தினாலும் நீ அவசரப்படாதே.

உன் அப்பா,
ரா. மாசிலாமணி