பார்க்காமல் சொன்ன சரி

ஜனவரி 23, வியாழன்

இன்று நானூறு பீங்கான் ப்யூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்தேன். கம்பியால் ஒரு தட்டு. கணீரென்றால் பெட்டிக்கு, மொத்தென்றால் உள்ளே விரிசல், கழிவுக் கூடைக்கு. பதினொரு வருஷமாக இதே வேலை. என் காதுதான் எனக்குப் பிழைப்பு.

ஓரம் உடைந்த கட்டை ஒன்றை சூப்பர்வைசர் குருமூர்த்தியிடம் கேட்டு வாங்கி வந்தேன். அவருடைய புது ரிமோட் விமானத்துக்கு மூக்கில் எடை பத்தவில்லையாம். 'அவர்' என்றால் என் வீட்டுக்காரர் பழமலைநாதன். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிற மனிதர். கட்டையைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, "பிரபா, இது போதும், அப்பிடியே நிக்கும் பாரு" என்று குதிக்காத குறை. ஐந்து மாதம், லீவு நாளெல்லாம் தெர்மோகோலும் பசையுமாக உட்கார்ந்து செய்தது. அவர் ஓட்டும் பஸ்ஸின் அதே மஞ்சள், அதே பச்சைக் கோடு. ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகப் பறக்கப் போகிறது.

எனக்கும் ஒன்று இருக்கிறது, குட்டி. நானே ஒட்டியது. இறக்கை மடலை அசைக்கும் சின்ன மோட்டாரைத் தலைகீழாக ஒட்டித் தொலைத்தேன். வலது பிடித்தால் இடது பக்கம் திரும்பும். பிரித்தால் இறக்கையே கையோடு வந்துவிடும். அதனால் ரிமோட்டில் இரண்டாம் எண்ணில், என் விமானத்துக்கென்று இடம் வலத்தை மாற்றி வைத்துக் கொடுத்தார். அவருடையது ஒன்றாம் எண். வீட்டுக்கு ஒரே ரிமோட். எந்த விமானமோ அந்த எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 25, சனி

ஷிப்ட் முடிந்ததும் என் குட்டி விமானத்தையும் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சி ரோட்டுப் புல்தரைக்குப் போனேன். தனியாக. அவர் டூட்டியில். அவர் பக்கத்தில் நின்றால் "ஏத்து, எறக்கு, ஒடி, ஒடி" என்று கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டே இருப்பார். விமானம் என்னுடையதா அவருடையதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

ஆடு மேய்க்கும் கொளஞ்சியம்மாள், "ஓட்டுறவரு வரலியாம்மா?" என்றார். "நாந்தாங்க ஓட்டுறேன்" என்றேன். ஆறு சுற்று. இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

உடைந்துவிட்டது. மொத்தமும்.

எறிவதற்கு முன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் தள்ளி நின்று ரிமோட்டின் குச்சியை அசைப்பார். நான் விமானத்துக்குப் பின்னால் குந்தி, மடல்கள் அசைவதைப் பார்த்து, "இடது, வலது, மேல, கீழ, சரி" என்று குரல் கொடுப்பேன். என் 'சரி' வந்த பிறகுதான் எறிவது. இன்று அந்த நேரம் பார்த்து குருமூர்த்தி போன். நாளைக்கு விடியற்கால ஷிப்டுக்கு வரச் சொல்லி. முடியாது என்று குருமூர்த்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, நாலையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். சரி என்றேன். எறிந்தேன்.

தென்னை உயரம்கூடப் போகவில்லை. இடது பக்கம் சாய்ந்தது. அவர் வலது பிடித்தார். இன்னும் இடது பக்கமே சாய்ந்தது. மூக்கு குத்தி விழுந்தது. நாலு விநாடி இருக்குமா?

"வலதுதான புடிச்சேன்? வலதுதான பிரபா?" ரிமோட்டைப் புல்லில் வைத்துவிட்டு ஓடினார். நான் எடுத்துப் பார்த்தேன். திரையில் 2.

நேற்று நான் விட்டு வைத்த 2.

ஒன்றுக்கு மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன்? பதற்றத்தில் விரல் தானாக— இல்லை. இந்த நோட்டிலுமா பொய்? நான்தான் மாற்றினேன்.

பீங்கான் கட்டை மட்டும் கீறல் இல்லாமல் கிடந்தது.

ஜனவரி 27, திங்கள்

மிச்சமிருந்த பாகங்களை எல்லாம் ரிமோட்டோடு சேர்த்துச் சோதித்தார். வலது என்றால் வலது, இடது என்றால் இடது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

"அப்ப நாந்தான்" என்றார்.

வாயைத் திறந்தேன். "காபி போடட்டுங்களா" என்றுதான் வந்தது.

ஜனவரி 29, புதன்

சாப்பிட உட்கார்ந்தவர் வலது கையையும் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 1, சனி

கண் ஆஸ்பத்திரி. மருந்து ஊற்றிவிட்டதால் அவருக்கு எல்லாம் மங்கல். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அப்படியொரு நிம்மதி. இனி விட்டுவிடுவார், நானும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். என்ன புத்தி இது.

வெளியே வந்ததும், "கண்ணுல ஒண்ணுமில்லன்னா அப்ப மூளைலதான?" என்றார். "எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. செருப்ப மாத்திப் போட்டுகினாரு. அப்பறம் வூட்டுக்கு வழியே தெரியல."

மாமாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. இவருக்கு நாற்பத்தொன்பது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நல்ல பெட்டியில் விரிசல் கட்டை இருந்ததாம். ஒன்றல்ல, மூன்று. "என்னாச்சுங்க பிரபா, ஒங்க கையில இப்பிடி வராதே?" என்றார் குருமூர்த்தி. தட்டினேன், காதில் விழவில்லை. மனசு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியும்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 5, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

திங்கட்கிழமை பஸ் சாவியை முதலாளியிடம் கொடுக்கப் போகிறாராம். ஷெட்டிலேயே ஏதாவது வேலை கேட்டிருக்கிறாராம்.

"நல்லாத்தானங்க ஓட்டுறீங்க?"

"திருப்பத்துல கை நிக்குது பிரபா. இடதா வலதான்னு ஒரு தடவ யோசிச்சிட்டுத்தான் ஒடிக்கிறேன். அம்பது பேரு உக்காந்துகினு இருக்காங்க."

பத்தொன்பது வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அந்தக் கையை நான்தான் கெடுத்தேன். உடைந்த விமானத்துக்குத் திட்டுவாரே என்றா பயந்தேன்? திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டுமே! சொல்லுடி. சொல்லித் தொலையேன்டி. அந்த மனுசன் பைத்தியமாவறத பாத்துக்கினு எப்பிடி ஒனக்குச் சோறு எறங்குது?

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

என் குட்டி விமானத்தைப் பாயில் வைத்து, ரிமோட்டை ஒன்றாம் எண்ணில் போட்டுக் கொடுத்து, "வலது புடிங்க" என்றேன். பிடித்தார். மடல் எதிர்ப்பக்கம் போனது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும் எதிர்ப்பக்கம்.

"அன்னிக்கு ஒங்க விமானத்துக்கும் இதாங்க நடந்துது. நம்பரு ரெண்டுல கெடந்துச்சு. மொத நாளு நான் ஓட்டிட்டு மாத்தாம வச்சிட்டேன். மடலப் பாக்காமலே சரின்னேன். ஒங்க கை சரியாத்தாங்க புடிச்சுது."

கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"அன்னிக்கே."

"கண்ணு தெரியாம ஒன் கையப் புடிச்சிகினு நடந்தனே. அப்பவும் தெரியும்."

அது கேள்வி இல்லை. எழுந்து வெளியே போனார். சட்டைகூடப் போடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலை முதல் நடைக்கு அவரே பஸ்ஸை எடுத்தார். சாவியைக் கொடுக்கவில்லை. எதிர் வீட்டுத் துர்கா ஜங்ஷனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அண்ணன் இன்னிக்கு என்னா வேகம்க்கா!" உள்ளே போய் அழுதேன்.

பிப்ரவரி 13, வியாழன்

"உப்பு கம்மி" என்றார். நாலு நாளில் இதுதான் பேச்சு.

பிப்ரவரி 22, சனி

பேசுகிறார். கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், மங்கலம்பேட்டை கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார். ஆனால் கேஸை மூடிவிட்டேன் என்று சொன்னால் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முன்பு இந்த வழக்கம் கிடையாது.

மார்ச் 2, ஞாயிறு

"ஒன்னோடத எடு. போவலாம்" என்றார். நானாகக் கேட்கவில்லை.

புல் காய்ந்து பழுப்பாகிவிட்டது. கொளஞ்சியம்மாள் ஆடுகளை ஓரமாக ஒதுக்கிக் கொடுத்தார். இன்று ரிமோட் என் கையில். அவர் விமானத்துக்குப் பின்னால் குந்தினார். நான் குச்சியை அசைக்க, ஒவ்வொரு மடலையும் குனிந்து பார்த்து, "இடது," என்றார். "வலது. மேல. கீழ."

பிறகு, "நம்பரு?"

"ரெண்டு."

எழுந்து வந்தார். ரிமோட்டை வெயில் படாமல் சாய்த்து, திரையைத் தன் கண்ணால் பார்த்தார். ரெண்டுதான். திரும்பிப் போய், "சரி" என்று எறிந்தார்.

நன்றாகவே பறந்தது. மேற்கே திருப்பத்தில் காற்று தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. எப்படியோ நானே சமாளித்து நிமிர்த்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். ஏத்து, எறக்கு, ஒடி என்று ஒரு வார்த்தை இல்லை.

கத்தினால் தேவலை என்றிருந்தது.