செல்வியின் பீரோ

ஜூலை 16, செவ்வாய்

இன்று மதியம் தாராவியிலிருந்து செல்வி என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். இடது கண் வீங்கியிருந்தது.

போன வருஷம் பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண் கலைஞருக்கு நான் மொழிபெயர்த்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களின் பீரோவைப் படம் எடுத்தாள். முகத்தை எடுக்கமாட்டாள். அவர்கள் சொல்வதைப் படத்துக்கு அடியில் எழுதுவாள். செல்வியின் பீரோவில், புடவைகளுக்குப் பின்னால் ஒரு பை இருந்தது.

"அவரு அடி தாங்காம என்னைக்காச்சும் போயிருவேன். அதுக்குத்தான் சர்ட்டிபிகேட்டு, ஆதார் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

அந்தப் படம் இப்போது இங்கேயே மும்பையில், ஃபோர்ட் பகுதியில் ஒரு கண்காட்சி ஹாலில் தொங்குகிறது. யாரோ அதை மொபைலில் அனுப்ப, பீரோ கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வைத்தே புருஷன் கண்டுபிடித்துவிட்டான்.

"எல்லாத்தையும் பையோட கொளுத்திட்டாரு யக்கா. பாரிஸ்ல மட்டுந்தான் மாட்டுவாங்கன்னு சொன்னியளே?"

சொன்னேன்தான். மும்பையிலும் வைப்பேன், சம்மதமா என்று கேட்கச் சொல்லி அந்தப் பிரெஞ்சுப் பெண் அன்று தெளிவாகவே சொன்னாள். அதற்குள் மூன்று வீடுகளில் மறுத்திருந்தார்கள். செல்வியும் மறுத்தால் வேலை கெட்டுவிடுமே என்று நானாகத்தான் மாற்றிச் சொன்னேன்.

இன்று உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவ நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டா, செல்வி" என்று வந்தது.

அவள் நம்பிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன செய்விய, பாவம்" என்றாள். பிறகு, புருஷன் வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தாள்.