வின்னியின் பால்புட்டி

சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்கவயல்,
6 ஜூலை 1903

அன்புள்ள ஐடாவுக்கு,

ஆண்பிள்ளை என்று தந்தி வந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். உனக்குப் பால் போதவில்லை என்று உன் அண்ணன் எழுதியிருக்கிறார், நீ எழுதவில்லை. வின்னியின் பால்புட்டி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சீமைச் சரக்கு, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அடுத்த வாரம் அனுப்புகிறேன். பிள்ளை வாய்வைத்து உறிஞ்சும் அதன் நீண்ட ரப்பர் குழாயை வெந்நீரில் போடக்கூடாது என்று இங்கிலீஷில் அச்சிட்டிருந்ததை அப்போதே உனக்கு வாசித்துக் காட்டினேன். மறந்திருக்கமாட்டாய்.

உன் தாயார் கல்லில் உரைத்துக் கொடுக்கும் மருந்து இவன் நாக்கில் படக்கூடாது. அது நம் மூத்தவள் வின்னியை ஐந்து மாதக் குழந்தையிலேயே மண்ணுக்கு அனுப்பியது போதும்.

இப்படிக்கு,
இன்பராஜ்


ஆம்பூர்,
10 ஜூலை 1903

பிரியமுள்ள என் கணவர் அவர்களுக்கு ஐடா எழுதுவது.

பிள்ளை சுகம். உங்கள் மூக்கு. புட்டியை அனுப்பவேண்டாம். பசும்பாலைக் காய்ச்சிப் பாலாடைச் சங்கில் புகட்டுகிறோம். பாதி சிந்துகிறது, ஆனாலும் குடிக்கிறான். பாலாடையை விரல்விட்டுத் தேய்த்துக் கழுவலாம்.

அம்மா உரைகல்லைக் கிணற்றில் போட்டுவிட்டாள். "எம் பேத்திய நான்தான் கொன்னேன்னு மாப்பிள்ள சொல்றாரு. இவனத் தொடவே பயமா கீதுடி" என்கிறாள். இன்னும் பிள்ளையைத் தூக்கவில்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
ஐடா


சாம்பியன் ரீப்ஸ்,
15 ஜூலை 1903

ஐடாவுக்கு,

துரைசானிகளின் பிள்ளைகளுக்கு ஆகிற புட்டி உன் பிள்ளைக்கு ஆகாதோ? உன் அண்ணன் கல்யாணத்தில் கோயிலின் கடைசிப் பெஞ்சில் என்னை உட்காரவைத்த குடும்பம் என் சொல்லை மதிக்கும் என்று நினைத்தது என் தவறு.

புட்டி சுத்தமானது என்று நிரூபிக்கிறேன். பக்கத்து வீட்டுக் காத்தவராயன், சுரங்கத்தில் பம்பு பிட்டராக இருப்பவன், சாட்சி. அவன் முன்னால் குழாயைப் பிளந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். புதுக்குழாய் பெங்களூரில் கிடைக்கும்.

இன்பராஜ்


சாம்பியன் ரீப்ஸ்,
17 ஜூலை 1903

ஐடா,

குழாயைப் பிளந்தோம். உள்ளே நுனியிலிருந்து நுனிவரை கறுத்த பாலேடு. நாலு வருஷம் கழித்தும் நாற்றம். காத்தவராயன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார் இது! தண்ணி எறைக்கிற பைப்பையே நாங்க வாரத்துக்கு ஒருக்கா கழட்டிக் கழுவுறோம். கொயந்த வாயில வைக்கிறத வெளிய மட்டுமா தொடச்சீங்க?" என்றான். படித்தவன் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறவன் அவன்.

வெந்நீர் வேண்டாம் என்றது நான்தான். புட்டியை உடைத்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்திருந்ததா?

இன்பராஜ்


ஆம்பூர்,
22 ஜூலை 1903

அன்புள்ள உங்களுக்கு,

தெரியும். வின்னியை அடக்கம் செய்த மறுநாளே அந்தக் குழாயை முகர்ந்து பார்த்தேன். சொன்னால் நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். பழி அம்மாமேல் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். அது என் பாவம். அதற்கு அவளிடம் நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உங்கள் பங்கை நான் சொல்லவில்லை. எனக்கு எழுதியதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டமாட்டேன். நேரில் வாருங்கள். அன்றைக்கே பிள்ளையோடு உங்களுடன் ரயிலேறுகிறேன். அதுவரை இங்கேதான் இருப்போம்.

ஐடா


சாம்பியன் ரீப்ஸ்,
29 ஜூலை 1903

ஐடாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு வருஷம் என்னை முட்டாளாக வைத்திருந்தவள் இப்போது எனக்கு நிபந்தனை எழுதுகிறாய்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் வருகிறேன். உன் தாயார் ஆராதனைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று எழுது. அதற்குள் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறேன்.

இன்பராஜ்